ஸ்கேன் எடுக்கலாமா, வேண்டாமா? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, தீவுக்குள் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று பல ஊர்களிலிருந்து ஸ்கேன் அறைக்கு வருபவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. எக்ஸ்ரே, ஸ்கேன் வேலையில் இருப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மதுரைக்குப் போய் ஒரு 'ஃபுல் பாடி ஸ்கேன்' எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

நிம்மதி கிடைக்குமா என்பதே சந்தேகம். கட்டி, வலி, இருமல் என்று வந்தவரிடம் காரணத்தைத் தேடுவது ஒரு வேலை. எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது இன்னொரு வேலை. மெஷின் ஒன்றுதான், கணக்கு வேறு. வலியோடு வந்தவருக்குப் படத்தில் ஏதாவது தெரிந்தால் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சும்மா எடுத்தவருக்குத் தெரிவது ஈரலில் ஒரு நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் ஒரு சின்ன முடிச்சு என்று, ஆயுசுக்கும் அவரைத் தொந்தரவு செய்யாத சமாச்சாரமாகவே பெரும்பாலும் இருக்கும். வலையின் கண் சிறுக்கச் சிறுக்க மீனோடு குப்பையும் ஏறுகிற மாதிரிதான். ரிப்போர்ட்டில் எழுதிவிட்ட பிறகு அதை யாராலும் சும்மா விட முடியாது. இன்னொரு சி.டி. (உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்), ஊசி போட்டுச் சதை எடுக்கும் டெஸ்ட், நடுவில் தூக்கமில்லாத இரவுகள் என்று போகும்.

தென் கொரியாவில் இது பெரிய அளவில் நடந்தது. உடல் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கழுத்துக்கு ஒலி அலை ஸ்கேனையும் (அல்ட்ராசவுண்ட்) சேர்த்து எடுக்கும் பழக்கம் பரவியது. 1993-ஐ விட 2011-ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. நோய் பெருகவில்லை, தேடல்தான் பெருகியது. ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டு சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுக்க மாத்திரை போடும் நிலைக்கு வந்தார்கள்.

நல்ல மீன்பாடு வந்த காசை இதில் போட வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியானால் யாருக்கு எந்தப் படம் வேண்டும்?

முதலில், படமே வேண்டாத பரிசோதனைகள். 30 வயது தாண்டிய எல்லாருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வேண்டும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே வாய்ப் புற்றுநோயின் முதல் அடையாளங்கள் தெரியும். புகையிலை போடுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வாசலில் வந்து நிற்கும் அந்த அக்காவை "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டு ஸ்கேன் சென்டரைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

படம் உண்மையில் உதவும் இடங்கள் சில உண்டு. சர்க்கரை உள்ளவருக்குக் கண் படம், நடுவயதுப் பெண்களுக்கு மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, காசநோய் சந்தேகத்துக்கு நெஞ்சு எக்ஸ்ரே, பல வருஷம் புகைத்தவருக்குக் குறைந்த கதிர் சி.டி., கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன். ஒவ்வொன்றையும் கீழே பார்க்கலாம்.

இருமலே இல்லை. எதற்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள்?

காசநோய் எல்லாரிடமும் இருமிக்கொண்டு வருவதில்லை. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய் கணக்கெடுப்பில் ஒரு விஷயம் தெரிந்தது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் விட்டுப்போயிருப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு டி.பி. வந்திருந்தால் மற்ற எல்லாருக்கும் எக்ஸ்ரே கேட்பது இதனால்தான். சர்க்கரை உள்ளவர்கள், குடி, புகைப் பழக்கம் உள்ளவர்கள், உடம்பு இளைத்துப்போனவர்கள், முன்பு டி.பி. வந்து குணமானவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகில் ஒரே கேபினில் நெருக்கிப் படுக்கிறவர்களில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் சொல்லும். பழைய நிமோனியாவின் தழும்பு, ஆறிப்போன டி.பி., சில நேரம் புற்றுநோய், எல்லாமே நெஞ்சில் வெள்ளைப் படலமாகவே தெரியும். சளியை ட்ரூநாட் அல்லது சிபிநாட் மெஷினில் வைத்துப் பார்த்தால்தான் கிருமி உறுதியாகும். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஆறு மாத மருந்தை ஆரம்பிக்கச் சொன்னால், "சளி டெஸ்ட் வேண்டாமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. பெரிய கேமரா அளவுதான், பேட்டரியில் ஓடும். 2024 டிசம்பர் 7-ல் தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில் இது ஊர் ஊராகப் போனது. படத்தைக் கம்ப்யூட்டரே முதலில் பார்த்துச் சந்தேகம் உள்ளதைப் பிரித்துக் கொடுக்கும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஏற்றுக்கொண்டது. பஸ் வசதி குறைந்த மீனவக் குப்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. நோய் உறுதியானால் மருந்து இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போனேன். நெஞ்சில் தழும்பு இருக்கிறது, 'அன்ஃபிட்' என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே செய்யவில்லையே?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வாழ்க்கையில் முதல் எக்ஸ்ரே எடுப்பதே இந்த மெடிக்கலுக்குத்தான். ஆறிப்போன டி.பி.யின் தழும்புகூட வளைகுடா நாடுகளின் விதிப்படி தடையாகிவிடுகிறது. தழும்பு நோய் இல்லைதான், ஆனால் விதி அவர்களுடையது. ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்பே உள்ளூரில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதில் ஏதாவது தெரிந்தால் சளி டெஸ்ட் எடுங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படம் இருந்து, தழும்பு அப்படியே மாறாமல் இருந்தால், அது பழையது என்று சொல்ல டாக்டருக்கு உதவும். தழும்பை அழிக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. "சரிபண்ணித் தருகிறேன்" என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

எக்ஸ்ரே எடுத்தால் கதிர் பாயும், புற்றுநோய் வரும் என்கிறார்களே?

அளவைப் பாருங்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதன் மேல் எப்போதும் கதிர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. உலக சராசரி வருஷத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி மாதிரி தாது மணல் உள்ள கரைகளில் இன்னும் அதிகம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது சுமார் 0.1 மில்லிசீவர்ட், இரண்டு வாரம் சும்மா வீட்டில் இருந்தாலே கிடைக்கிற அளவு. மேமோகிராம் 0.4 அளவில் இருக்கும். வயிற்று சி.டி. என்றால் 8, 10 என்று ஏறும். கணக்குப் பார்க்க வேண்டியது சி.டி.யில்தான், அதிலும் குழந்தைகளுக்கு. சாதாரண ஒலி அலை ஸ்கேனிலும், காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் கிடையாது.

எக்ஸ்ரே, சி.டி. மெஷின்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். சென்டரில் அதைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நர்ஸ் அக்கா மார்பைத் தொட்டுப் பார்க்கிறார்களே, அது போதாதா? மேமோகிராம் எதற்கு?

தொட்டுப் பார்ப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது வருஷம் ஆய்வு செய்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்த பெண்களில், 50 வயது தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. முடிவு 2021-ல் வெளிவந்தது. 50-க்குக் கீழ் அவ்வளவு பலன் தெரியவில்லை. நம் அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து கையால் பரிசோதிப்பது இருக்கிறது. எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு மேமோகிராம் எடுக்கும் திட்டம் இல்லை. ஆகவே நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

மேமோகிராம், விரலுக்குத் தட்டுப்படாத சுண்ணாம்புத் துகள்களைக்கூடக் காட்டும். அமெரிக்க நிபுணர் குழு 2024-ல் 40 முதல் 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொன்னது. இங்கே அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் 40 தாண்டிய பெண் டாக்டரிடம் இதைப் பேச வேண்டும். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதற்கும் முன்பே பேச வேண்டும். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால் அவர்களுக்கு ஒலி அலை ஸ்கேன்தான் முதலில்.

இதுவரை சொன்னது கட்டி இல்லாதவர்களுக்கு. கையில் கட்டி தட்டுப்பட்டால் வயசு, வருஷக் கணக்கு எதுவும் பார்க்காமல் கிளம்புங்கள். பாசி எடுக்கப் போகிற, மீன் விற்கப் போகிற அக்காமார் திரும்பத் திரும்பச் சொல்வது "வலிக்கலையே தம்பி" என்பதுதான். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. வலி வரட்டும் என்று காத்திருந்தவர்களைத்தான் முற்றிய நிலையில் பார்க்கிறோம். கட்டி இருக்கும்போது மேமோகிராம் 'நார்மல்' என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி டெஸ்ட் வரை போய் முடிவு தெரிந்துகொள்ளுங்கள்.

எடுப்பது எப்படி என்று பயப்படுகிறவர்களுக்கு: இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பகத்தை அழுத்தி, பக்கத்துக்கு இரண்டு படம். அழுத்தம் சில வினாடிதான். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அன்றைக்கு அக்குளில் பவுடரோ சென்ட்டோ போடாதீர்கள், அதிலுள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரித் தெரிந்து எல்லாரையும் அலைக்கழிக்கும்.

பெண் டெக்னீஷியன்தான் வேண்டும் என்று கேட்கலாமா?

தாராளமாக. போன் செய்து எந்த நாளில் பெண் பணியாளர் இருப்பார் என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஆண் டாக்டர் ஸ்கேன் செய்தால் கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமானதே. உள்ளே அறை வரை புர்காவோடு வரலாம். நெஞ்சு எக்ஸ்ரேக்குத் தலைத்துணியில் குத்திய ஊசிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை இருக்கிறது, கண் நன்றாகத்தான் தெரிகிறது. கண்ணைப் படம் எடுக்கச் சொல்வது ஏன்?

சர்க்கரை விழித்திரையை அரிக்கும்போது பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கும். மங்கத் தொடங்கும்போது பாதி கெட்டிருக்கும். கண்ணுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களைக் கேமராவில் படம் எடுத்தால் கசிவும் சிறு வீக்கங்களும் முன்பே தெரியும். கதிர் கிடையாது, ஊசி கிடையாது, சில நிமிட வேலை. பெரியவர்களுக்கு வரும் சாதாரணச் சர்க்கரை நோயில், நோய் தெரிந்த அன்றே ஒரு முறை, பிறகு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். கண் பாப்பா விரிய மருந்து விட்டால் அன்று பைக் ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர் மையங்களில் எடுத்த படத்தை மதுரையில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்லும் முறையை நன்றாகவே நடத்திக் காட்டியிருக்கிறது. செலவையும் பலனையும் வைத்துப் பார்த்தால், இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் படங்களிலும் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

கர்ப்பிணிக்கு எத்தனை ஸ்கேன்? எதை விடக் கூடாது?

11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். இந்த இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள். இதயத்திலோ முதுகுத்தண்டிலோ பெரிய குறை தெரிந்தால், இன்னொரு டாக்டரிடம் காட்டி முடிவெடுக்க நாள் வேண்டும். 2021-ல் திருத்திய சட்டப்படி 24 வாரத்துக்கு மேல் போனால் மருத்துவக் குழுவின் முடிவு தேவை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்டு வாங்குவதும் குற்றம்.

கை கால் இழுத்துக்கொண்டால் முதலில் எண்ணெய் தேய்க்கலாமா, ஸ்கேன் எடுக்கலாமா?

எண்ணெய் வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். மருந்து ஏற்றாத ஒரு சாதாரண சி.டி. சில நிமிடத்தில் கசிவு இருக்கிறதா என்று சொல்லிவிடும். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், மதுரை 170-ஐ நெருங்கும். வீட்டு வாசலில் ஆலோசனை நடத்தவே நேரம் இல்லை. 108-ஐக் கூப்பிட்டதும் "சி.டி. எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள்" என்று சொல்லுங்கள். கடலில் வைத்து நடந்தால், அவர் கடைசியாக நல்லபடியாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கரைக்குத் திரும்புங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

எனக்கு இறால், நண்டு ஒத்துக்காது. மருந்து ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஆகாது என்கிறார்களே?

கரையோரத்தில் இந்த நம்பிக்கை ரொம்பப் பழசு. இறாலில் ஒத்துக்கொள்ளாதது அதன் சதையில் இருக்கும் ஒரு புரதம். சி.டி. மருந்தில் இருப்பது அயோடின். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. நீங்கள் சொல்ல வேண்டியவை வேறு: முன்பு இதே ஊசியில் அரிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறீர்களா. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழற்றச் சொல்வது ஏன்?

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிச் சரட்டில் கோத்து வைத்திருக்கும் ஊக்கை இழுக்கும். தாயத்து, அரைஞாண்கொடி, வளையலில் மாட்டிய ஊக்கு, காது மெஷின் எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். தங்கமும் படம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் செய்யும். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அதற்கு ஆட்சேபம் இல்லை.

படகு கட்டும் இடத்தில் வெல்டிங், கிரைண்டிங் செய்கிறவர்கள் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் தெறித்து உள்ளே போயிருந்தால், காந்தம் அதை நகர்த்திக் கண்ணையே பறித்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்போம். பேஸ்மேக்கர், ஸ்டென்ட், எலும்புக்கு வைத்த பிளேட் இருந்தால் அந்த ஆப்பரேஷன் சீட்டு வேண்டும்.

கரிமூட்டத்தில் வேலை, பீடியும் உண்டு. நுரையீரல் சி.டி. எடுத்துப் பார்க்கட்டுமா?

அமெரிக்காவில் 53,000-க்கும் அதிகமான நாள்பட்ட புகைப்பழக்கம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர் சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. அங்கே இப்போது 50 வயது தாண்டி, தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருஷம் புகைத்தவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் பழைய டி.பி. தழும்புகள் நிறைய. சி.டி.யில் தெரியும் முடிச்சு எது பழசு, எது புதுசு என்று பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். நாள்பட்ட பீடிக்காரர் டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம். வேலிக்கருவை மூட்டம் போடுகிறவர், விறகடுப்பில் கருப்பட்டி காய்ச்சுகிறவர் என்றால் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை அதிகம் உதவும். புகையால் மூச்சு கெட்டிருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக வருவது சாதாரணம். ரத்தம் கலந்த சளி வந்தால் மட்டும் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம், அன்றே போங்கள்.

ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று இருக்கிறது. பயப்படணுமா?

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எடை, சர்க்கரை, குடி மூன்றையும் பாருங்கள். ஈரலில் கொழுப்பு ஓரளவு சேர்ந்த பிறகே ஸ்கேனில் தெரியும். மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் சரி. 3 என்றால் ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டும். 4, 5 என்றால் சதை டெஸ்ட். 0 என்றால் நோய் இல்லை என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

கடலுக்குப் போகிறவர்கள் எப்போது வருவது? செலவு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் சர்க்கரை, கண், எக்ஸ்ரே எல்லாம் முடித்துவிடலாம். பிரச்சினை தெரிந்தால் மறுபடி வரவும் நாள் இருக்கும். ஏதாவது தொந்தரவு இருந்தால் தடைக்காலத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் அங்கே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, குறிப்பிட்ட சில ஸ்கேன்களும் அதில் அடங்கும். எது அடங்கும் என்பதை எடுக்கும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் எடுத்த படத்தில் சின்ன நிழல்கள் தெரியாது. அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். சி.டி., எம்.ஆர்.ஐ. என்றால் ஃபிலிமோடு, படங்களைப் பதிவு செய்த கம்ப்யூட்டர் தட்டையும் (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள், முழுப் படமும் அதில்தான் இருக்கும். ஃபிலிமைச் சுருட்டாமல், மடிக்காமல், உப்புக்காற்று படாத இடத்தில் பாலித்தீன் உறையில் வையுங்கள். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழைய படத்தை எடுத்துப் போங்கள். அது இல்லாவிட்டால் எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.